முப்பத்தொரு பேரின் ரத்தம்

தண்டலம்,
8 செப்டம்பர் 2025

திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

மூன்று நாளாக உங்களுக்குப் போன் அடித்துச் சலித்துவிட்டேன். இன்று காலை சாம்பிள் வண்டி டிரைவர் தாண்டவராயன் வந்து, "அவரு போன எடுக்க மாட்டாராம் மேடம். இன்னா கேக்கணும்னாலும் எழுதித்தான் கேக்கணுமாம். மெமோவுல அப்டித்தான் போட்டுக்கீதாம்" என்றார். உண்மைதான். விசாரணை முடியும்வரை எல்லாம் எழுத்து மூலமே என்று உங்கள் சஸ்பென்ஷன் உத்தரவில் இருக்கிறது. அதன் அடியில் லேப் துறைத் தலைவர் டாக்டர் மதிவதனி என்று என் கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். தாண்டவராயன் தினமும் பிள்ளைப்பாக்கம் வழியாகத்தான் போகிறார். பதிலை அவரிடமே கொடுங்கள்.

உங்களுக்கு முழு விவரம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாம் தேதி ஒரகடம் தொழிற்சாலையில் நீங்கள் நடத்திய வருடாந்திர மெடிக்கல் கேம்பிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்தம் வந்தது. அதில் தணிகாசலம் என்ற பெயர் ஒட்டிய குழாயில் பிளேட்லெட் பதினெட்டாயிரம் என்று மெஷின் காட்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மெஷின் உளறுகிறது என்று நினைத்து ஸ்லைடைப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ரத்தப் புற்று. அதிலும் திடீரென்று ரத்தம் கசிந்து ஆளைச் சாய்த்துவிடும் வகை. சீக்கிரம் பிடித்துவிட்டால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகையும் அதுதான்.

மறுநாளே தணிகாசலத்தை வரவழைத்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி கவுன்டரிலேயே மயங்கி விழுந்தார். மறுபடி ரத்தம் எடுத்தோம். பிளேட்லெட் இரண்டரை லட்சம். புற்று இல்லை, ஒன்றும் இல்லை. கேம்ப் குழாயில் இருந்தது பி பாசிட்டிவ். இவர் ஓ பாசிட்டிவ். அதாவது அந்த ரத்தம் இவருடையதே இல்லை.

முந்தின நாளே பட்டியலைப் பார்த்து எல்லாக் குழாயிலும் ஸ்டிக்கர் ஒட்டி வைத்துக்கொள்ளும் உங்கள் வழக்கத்தை மூன்று முறை கண்டித்திருக்கிறேன். ஆளை உட்கார வைத்து, பெயரைக் கேட்டு, ரத்தம் எடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. குழாய் மாறியிருக்கிறது. ஆனால் யாருடையதோடு மாறியது என்று தெரியவில்லை. முன்னும் பின்னும் நாற்பது குழாய்களைப் பார்த்துவிட்டேன், எல்லாம் அவரவர் குரூப்போடு பொருந்துகிறது.

என் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் இருக்கட்டும். ஒரு ஆள் தனக்கு என்ன வந்திருக்கிறது என்றே தெரியாமல் எங்கோ லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்களுக்கு யாராவது ஞாபகம் வருகிறார்களா?

மதிவதனி


பிள்ளைப்பாக்கம்,
9 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு,

சஸ்பெண்ட் ஆன ஊழியன் ஜீவானந்தம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எழுத்து மூலம் கேட்டதற்கு நன்றி. உங்களுக்கு முன்னால் மூன்று துறைத் தலைவர்களைப் பார்த்தவன் நான். பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் எனக்கு மெமோ கொடுத்ததில்லை. எதிர்வீட்டு அப்பாவு காலையில் பல் விளக்கிக்கொண்டே, "இன்னா ஜீவா, யார் ரத்தத்தயோ யாருக்கோ மாத்தி வெச்சிட்டியாமே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிக்கிறார். இதையும் உங்கள் ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் முன்னாலேயே ஒட்டினேன். மறுக்கவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேன்டீனில் மூன்று மேஜை போட்டு நானூறு பேருக்கு ஊசி குத்த வேண்டும். சூப்பர்வைசர் ஒருவர் பின்னாலேயே நின்று "லைன் நிக்குது, லைன் நிக்குது" என்று உயிரை எடுப்பார். நீங்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் கண்டியுங்கள்.

ஆனால் குழாய் மாறவில்லை. எனக்கு முகம் நிற்காது மேடம், கை நிற்கும். யாருக்கு நரம்பு நழுவும், யாருக்கு வலது கை, யாருக்கு இடது கை என்று பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் சொல்வேன். தணிகாசலம் கார்டோடு உட்கார்ந்தவருக்கு இடது கை. முழங்கைக்குக் கீழே பச்சையில் வேல் குத்தியிருந்தது. ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மூன்று பஞ்சு மாற்றினேன். ஐந்து நிமிடம் என் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கார்டு நம்பரும் குழாய் நம்பரும் ஒன்று. அதை இரண்டு தடவை பார்த்தேன்.

தணிகாசலத்தின் இடது கையைப் போய்ப் பாருங்கள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எழுதினால் எனக்கு மட்டும் போகிற விஷயமில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த நோய் எத்தனை நாள் தாங்கும்?

ஜீவானந்தம்


தண்டலம்,
10 செப்டம்பர் 2025

ஜீவானந்தம் சார்,

வைத்தியம் இல்லாவிட்டால் வாரங்கள். மூளையில் கசிந்தால் ஒரே நாள். போதுமா?

தணிகாசலத்தின் கையைப் பார்த்தேன். வேலும் இல்லை, மயிலும் இல்லை. "நான்தான் மேடம் குடுத்தேன், சத்தியமா நான்தான்" என்று மூன்று முறை சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு, அன்று எடுத்த குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தில் மூன்று மாத சர்க்கரையைப் போட்டேன். 10.4. அவர் பெயரில் வந்த கேம்ப் ரத்தத்தில் 5.2. அவ்வளவு சர்க்கரை உள்ள மனிதர் எதற்காக இன்னொருவரை உட்கார வைப்பார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த 5.2-க்கான கிராஃபை எடுத்துப் பார்த்தேன். வழக்கமான முனைகளுக்கு அந்தப் பக்கம் கூடுதலாக ஒரு முனை நின்றது. ஹீமோகுளோபினில் பிறவியிலேயே வரும் ஒரு அபூர்வ வகை. ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, கிராஃபில் மட்டும் தெரியும். நம் பக்கத்தில் அரிது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருடம் முன்பு சென்னை மாநாட்டில் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். ஒரகடம் வட்டாரத் தொழிலாளர்களிடம் இந்த அபூர்வ வகை வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்படுகிறது, பதினான்கு பேர், வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி, ஆராயப்பட வேண்டிய விஷயம் என்று. கைதட்டினார்கள். பரிசு கொடுத்தார்கள். துறைத் தலைவர் நாற்காலி வந்ததற்கும் அது ஒரு காரணம். நீங்கள்தான் லேப் முழுக்க லட்டு கொடுத்தீர்கள்.

நேற்று அந்தப் பதினான்கு பேரின் குரூப்பையும் பார்த்தேன். பதினான்கும் பி பாசிட்டிவ். சிவப்பணுவின் அளவு பதினான்கு பேருக்கும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டு பேரை போன் செய்து நேரில் வரவழைத்து ரத்தம் எடுத்தேன். இருவரிடமும் அந்த முனை இல்லை. ஒருவர் ஏபி, ஒருவர் ஓ. பிறகு நாலு வருடத்து கேம்ப் ரெக்கார்டையும் புரட்டினேன். தணிகாசலத்தைச் சேர்த்து முப்பத்தொரு பெயர்.

முப்பத்தொரு பேர் இல்லை. ஒரே ஆள். ஒரே ஆளின் ரத்தத்தைத்தான் நாலு வருடமாக முப்பத்தொரு பெயரில் பரிசோதித்து, கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் நார்மல், நார்மல் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை வைத்து ஆராய்ச்சியும் செய்திருக்கிறேன். ஒரு படித்த முட்டாளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த முப்பத்தொரு பெயருக்கும் ஊசி குத்தியவர் பெயர் ஒன்றுதான். கை மறக்காது என்கிறீர்கள். ஒரே கை முப்பத்தொரு முறை உங்கள் முன் வந்திருக்கிறது. உங்களுக்கு அவரைத் தெரியும். யார் அவர்?

மதிவதனி


பிள்ளைப்பாக்கம்,
12 செப்டம்பர் 2025

மேடம்,

தெரியும்.

உங்கள் கடிதம் வந்ததும் ஒரகடம் போய்விட்டேன். அதனால்தான் ஒரு நாள் தாமதம். பெயர் முப்பிடாதி. தென்காசிப் பக்கத்து ஆள், முப்பத்துநாலு வயது. கான்ட்ராக்டர் ஒருவரிடம் லோடு ஏற்றும் வேலை. ஆளுக்குச் சர்க்கரை இல்லை, காமாலை இல்லை, சாராயம் இல்லை. வேலைக்குச் சேரும்போதோ வருட மெடிக்கலிலோ பயம் இருக்கிறவர்கள் தங்கள் கார்டை அவன் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். சாப்பாடும் ஒரு நாள் கூலியும் கொடுப்பார்கள், ரிப்போர்ட் வந்ததும் அவனிடம் காட்டுவார்கள். கார்டில் இருக்கிற போட்டோவை யார் பார்க்கிறார்கள். நான் நம்பரைப் பார்ப்பேன்.

முதல் தடவை எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை கையில் குத்தியிருந்த வேலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் சிரித்தான். நானும் ஊசியைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். சர்க்கரை என்று எழுதினால் அந்த ஆளை லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள் மேடம். வைத்தியம் பார்த்துக்கொள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாளையிலிருந்து வராதே என்பார்கள். அதை நான் பல தடவை கண்ணால் பார்த்தவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உங்கள் முப்பத்தொரு பெயரில் சாம்சன் என்று ஒன்று இருக்கும். என் மகள் கவிப்பிரியாவைக் கட்டியவர். அவருக்குக் கல்லீரலில் காமாலைக் கிருமி. கல்யாணமாகி மூன்றாம் மாதம் வேலைக்கு மெடிக்கல் வந்தது. அன்று முப்பிடாதியைத் தேடிப்போய்க் கூட்டி வந்தது நான்தான். உங்கள் பதினான்கில் அதுவும் ஒன்றா என்று தெரியாது. அன்றைக்கு லட்டு கொடுக்கும்போது, கட்டுரை எதைப் பற்றி என்று எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பேர் தங்கும் ஒரு ஷெட் அறையில் படுத்திருக்கிறான். ஈறில் ரத்தம் வருகிறது. காலெல்லாம் கருப்புக் கருப்பாகத் திட்டு. சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். நோய் என்று சொன்னேன். சிரிக்கிறான். "என் ரத்தம் நல்ல ரத்தம் சார். உங்க டாக்டரம்மாவே முப்பது மட்டம் நார்மல்னு கையெழுத்துப் போட்டிருக்காவ. எனக்கு இல்லாத நோயா? இப்பம் மட்டும் எப்படிக் கெட்டுப் போவும்?" என்கிறான்.

கொஞ்சம் வற்புறுத்தியதும் முகம் மாறிவிட்டது. "ஆள் மாறாட்டம்னு போலீஸ்ல புடிச்சுக் குடுக்கத்தான கூப்பிடுதிய" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். அசையவில்லை. உங்கள் கையெழுத்தைத்தான் அவன் நம்புகிறான் மேடம். அவன் மேல் கேஸ் வராது என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஜீவானந்தம்


தண்டலம்,
13 செப்டம்பர் 2025

ஜீவானந்தம் சார்,

உங்கள் கடிதத்தை நேற்று மாலை ஐந்து மணிக்குப் படித்தேன். எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நிர்வாகத்திடம் சொன்னால் நாற்காலி போகும், கட்டுரை போகும், ஊர் சிரிக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத்தான் நான் யோசித்தேன்.

இன்று காலை, மற்றவர்களையாவது மறு பரிசோதனைக்குக் கூப்பிடுவோம் என்று பட்டியலை எடுத்து ஒவ்வொரு நம்பராக அடித்தேன். ஏழாவது பெயர் மண்ணாங்கட்டி. நாற்பத்திரண்டு வயது, பெயின்ட் பிரிவு. ஒரு பெண் எடுத்தார். பெயர் சரோஜா, மனைவி. நான் யார் என்று சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது.

"அவரு போயி ஆறு மாசம் ஆவுது மேடம். ரூம்லயே நெனப்பு தப்பி வுய்ந்துட்டாரு. சுகர் ஐநூறு இருந்துச்சுன்னு சொன்னாங்க. எப்டி மேடம்? உங்க ஆஸ்பத்திரி பேப்பர்ல சுகரே இல்லன்னு போட்டிருந்துச்சே. அத்த பாத்துட்டு நாந்தான் சொன்னேன், இனிமே இன்னாத்துக்குயா மாத்திரைன்னு. அவரு ஒண்ணும் சொல்லாம மாத்திரய வுட்டுட்டாரு. அந்த பேப்பர நான் இன்னும் பத்திரமா வெச்சிகினுகீறேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எப்படி மேடம் என்று மட்டும்தான் கேட்டார். உண்மையான சந்தேகம் அவருக்கு. அந்த மனிதர் தன் மனைவியிடம்கூட ஆளை மாற்றி உட்கார வைத்ததைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். என் கையெழுத்தை அவர் நம்பவில்லை. அவர் மனைவி நம்பினார். போனை வைத்த பிறகு எழுந்து போய் வாஷ் பேசினில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நேராக எம்.டி. அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலைக் கேட்கும்வரை முப்பிடாதியை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றார். ராஜினாமாவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் மெமோ தவறு என்றும், முப்பத்தொரு ரிப்போர்ட்டும் செல்லாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்காரர்களுக்கும் எழுதியாயிற்று. சரோஜாவை நாளை நேரில் போய்ப் பார்ப்பேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் உண்மையைச் சொல்வேன். சாம்சனை உடனே கல்லீரல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு ஒரு நாள் சாவகாசமாகப் படுகிறேன்.

முப்பிடாதிக்குத் தனிக் கடிதம் இதோடு இருக்கிறது. போலீஸ் வராது என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, அதனால் அப்படி எழுதவில்லை. வந்தால் முதல் பெயர் என்னுடையது, நான் உங்களுக்கு முன்னால் நிற்பேன் என்று எழுதியிருக்கிறேன். முப்பது முறை நான் போட்ட கையெழுத்து அவருடைய ரத்தத்துக்குத்தான், ஆனால் முப்பத்தோராவது முறை நார்மல் இல்லை, அதே கைதான் இதையும் எழுதுகிறது என்றும் எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டுங்கள். சென்னை அரசு ஆஸ்பத்திரியில் ரத்தநோய்ப் பிரிவில் பேசிவிட்டேன், படுக்கை தயார். மூன்று மணிக்குத் தாண்டவராயன் ஒரகடம் கூட்ரோட்டில் நிற்பார். வர மறுத்தால் எனக்குப் போன் செய்யுங்கள், நானே வந்து காலில் விழுகிறேன். மெமோவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

மதிவதனி


சென்னை,
29 செப்டம்பர் 2025

மேடம்,

தினமும் போனில் பேசுகிறோம், இவர் எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். சில விஷயங்கள் எனக்குப் போனில் வாயில் வரவில்லை.

அன்று உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாளை வாங்கி, அடியில் இருந்த கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "அதே கையெழுத்துதான்" என்று எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அட்மிஷன் கவுன்டரில் இருந்த அம்மா தலை நிமிராமல், "பேரு?" என்று கேட்டார். இவன் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "யாரு பேருக்கு சார்?" என்றான். வழக்கத்தில் கேட்டுவிட்டான் போலிருக்கிறது. நான்தான் அவன் பெயரைச் சொன்னேன். இதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்றேன், எழுதிக்கொண்டார். பொய்யும் இல்லையே, அவன் பெயரில் ஒன்றுகூட இல்லை.

முதல் ஐந்து நாள் நான் கோயிலைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் ரத்தம். தினமும் பிளேட்லெட் ஏற்ற வேண்டும், பதிலுக்கு ஆட்கள் ரத்தம் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். வர மாட்டார்கள் என்று நினைத்தேன். பத்தொன்பது பேர் வந்தார்கள் மேடம். ஷிப்டைப் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு. தணிகாசலம் முதல் ஆள். ரத்த வங்கியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பரிசோதித்தார்கள். எடுத்துக்கொண்டது மூன்று பேரிடம். மற்றவர்களுக்கு ஒன்று சர்க்கரை, இல்லாவிட்டால் காமாலை, இல்லாவிட்டால் ரத்த சோகை. அதற்குத்தானே இவனைத் தேடினார்கள். மருமகனையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கேட் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுததைப் பார்த்து எனக்குத் துக்கம் தாங்கவில்லை.

ஆறாம் நாள் கசிவு நின்றது. நேற்று பெரிய டாக்டர் வந்து பார்த்து, ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, மருந்து நன்றாகக் கேட்கிறது, ஆனால் வருடக் கணக்கில் பார்க்க வேண்டும் என்று சொன்னார். உங்களுக்கும் இதைச் சொல்லச் சொன்னார். நீங்கள் ஸ்லைடைப் பார்த்திருக்காவிட்டால் ஆள் இல்லை என்றார். நான் வராண்டாவில் போய் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

இன்று காலை கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசுகிறான். இரண்டு வாரமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினான். இனிமேல் லோடு ஏற்ற முடியாதே, கேம்பிலும் உட்கார முடியாதே, ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது என்று கவலைப்பட்டான். முதலில் உடம்பைப் பார், மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி முகமெல்லாம் மலர்ந்து சொன்னான்:

"தம்பிக்கு போன் பண்ணிட்டேன் சார். வெள்ளிக்கிழமை வண்டி ஏறுதான். இருபத்தொரு வயசு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. இனிமே அவன உக்கார வச்சிக்கிடுங்க. அவனுக்கும் ஓடுதது எங்க ரத்தந்தான, செல்லும்லா?"

ஜீவானந்தம்